நாளைக்குள் கட்டு என்கிறவரிடம் என்ன கேட்பது? வாசகர் கேள்வி-பதில்

கிரெடிட் கார்டு சந்தேகங்களை எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கார்டைப் பற்றியவை அல்ல; கார்டுக்குப் பின்னால் வீடு தேடி வருகிற ஆளைப் பற்றியவை. நான் சேலத்தில் வங்கி வேலை பார்த்து, கடைசிக் காலத்தில் வசூல் பிரிவிலும் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று ஓரளவு தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பதில் சொல்கிறேன். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம். நம் ஊரில் ஒருவர் கடன் இன்னொருவர் திண்ணைக்குப் போக ரொம்ப நேரம் ஆகாது.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): வணக்கம் மேடம். சின்ன வெள்ளிப் பட்டறை வைத்திருக்கிறேன், கொலுசு வேலை. வெள்ளி விலை கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டியதிலிருந்து ஆர்டர் படுத்துவிட்டது. ஒரு தனியார் வங்கிக் கார்டில் 1,85,000 ரூபாய் நிற்கிறது. சில மாதங்களாகக் கட்டவில்லை. வசூல் ஆட்கள் ராத்திரி ஒன்பதரைக்குப் போன் செய்கிறார்கள். அம்மாபேட்டையில் இருக்கும் என் மச்சினிச்சிக்கும், எனக்கு வெள்ளி கொடுக்கும் கடைக்காரருக்கும் போன் போட்டு, "உங்க ஆள் ஏமாத்துப் பேர்வழி" என்று சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் இரண்டு பேர் பட்டறைக்கே வந்து, வேலை செய்யும் பெண்கள் முன்னால் சத்தம் போட்டார்கள். தண்டல்காரர்கூட என்னிடம் இப்படிப் பேசியதில்லை. வாங்கினது நான்தான், இல்லை என்று சொல்லவில்லை. இதற்கு ஒரு அளவு கிடையாதா?

பதில்: உண்டு. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் கடன் பாக்கிக்காகப் போன் செய்யக் கூடாது என்று 2022 ஆகஸ்ட் 12 அன்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை போட்டது. மிரட்டுவது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது, குடும்பத்தாரையும் நண்பர்களையும் விண்ணப்பத்தில் நீங்கள் பெயர் கொடுத்தவர்களையும் தொந்தரவு செய்வது, பெயர் சொல்லாமல் போன் செய்வது, ஓயாமல் போன் செய்வது எல்லாமே அதில் தடை. ஏஜென்ட் என்ன செய்தாலும் அதற்கு வங்கிதான் பொறுப்பு. "அவர் எங்க ஸ்டாஃப் இல்லீங்க, ஏஜென்சிக்காரர்" என்று கிளையில் கையை விரிப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள்.

2008-லேயே ரிசர்வ் வங்கி இன்னொன்றும் சொல்லியிருக்கிறது. உங்கள் கணக்கை எந்த ஏஜென்சியிடம் கொடுத்திருக்கிறோம் என்று வங்கி உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். வருகிற ஆளிடம் அடையாள அட்டையும், வங்கி கொடுத்த அங்கீகாரக் கடிதமும் இருக்க வேண்டும். அடுத்த முறை வந்தால் உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், அப்புறம் இந்த இரண்டையும் கேளுங்கள். போட்டோ எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள். பாதிப் பேர் "அப்புறம் வர்றோம்" என்று வண்டியை எடுத்துவிடுவார்கள்.

அடுத்த வேலை, எழுதுவது. இதுவரை எல்லாம் போனிலேயே நடந்திருக்கிறது. போனில் சொன்னதற்கு உங்களிடம் சாட்சி கிடையாது, அதனால்தான் அவர்களுக்குப் போன் பிடிக்கிறது. கடிதத்தில் இலக்கியம் வேண்டாம். ஏறக்குறைய இப்படி இருந்தால் போதும்:

"என் கார்டின் கடைசி நான்கு எண்கள் இவை. இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த எண்ணிலிருந்து போன் வந்தது. இந்தத் தேதியில் இருவர் என் தொழிலிடத்துக்கு வந்து இப்படிப் பேசினார்கள். அவர்கள் அடையாள அட்டை காட்டவில்லை. என் கணக்கு எந்த ஏஜென்சியிடம் உள்ளது என்று எழுத்தில் தெரிவிக்கவும். என் உறவினர்களுக்கும் வியாபாரத் தொடர்பில் உள்ளவர்களுக்கும் போன் செய்வதை நிறுத்தவும். பாக்கியை நான் மறுக்கவில்லை. இப்போதைய வருமானத்தில் மாதம் இவ்வளவு கட்ட முடியும்."

கடைசி இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். நீங்கள் ஓடி ஒளிகிற ஆள் இல்லை என்பதற்கு நாளைக்கு அதுதான் அத்தாட்சி. முடிகிற தொகையை மட்டும் எழுதுங்கள். ரோஷத்தில் பெரிய தொகை எழுதி அடுத்த மாதமே தவறினால் கடிதத்துக்கு மதிப்பில்லை.

வங்கியின் குறைதீர் அதிகாரி, நோடல் அதிகாரி ஆகியோரின் முகவரி ஸ்டேட்மெண்டிலோ வங்கியின் இணையதளத்திலோ இருக்கும். மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, அச்சடித்த பிரதியைத் தபாலிலும் அனுப்புங்கள். பதிவுத் தபால் என்று கவுண்டரில் கேட்டால் இப்போது கிடையாது என்பார்கள். 2025-ல் அதை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். புகார் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அதில் ஒரு லாபம் உண்டு. புகார் நிலுவையில் இருக்கும்போது, அது வீண் புகார் என்று ஆதாரத்தோடு வங்கி நம்பினால் ஒழிய, அந்தக் கணக்கை வசூல் ஏஜென்சிக்கு அனுப்பக் கூடாது என்பதும் அதே 2008 சுற்றறிக்கையில் இருக்கிறது.

முப்பது நாளில் பதில் வரவில்லை, அல்லது வந்த பதில் மழுப்பல் என்றால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். ஆன்லைனில் பதியலாம். இல்லாவிட்டால் சண்டிகரில் உள்ள ரிசர்வ் வங்கியின் புகார் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். எந்த மொழியிலும் எழுதலாம் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள், அதனால் தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். ஆனால் வங்கியிடம் முதலில் புகார் கொடுக்காமல் நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரொம்பப் பேர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

பட்டறைக்கு வந்து மிரட்டினால் அது வேறு கணக்கு. காவல் நிலையத்தில் மனு கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். குற்றமுறு மிரட்டல் என்பது, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 351-வது பிரிவு. வெள்ளிப் பட்டறை என்றால் கேமரா இல்லாமல் இருக்காது. பழைய பதிவு தானாக அழிவதற்குள் அந்த நாளின் காட்சியைத் தனியாக எடுத்து வையுங்கள்.

உங்களிடம் பணம் இல்லை என்பது அவர்களுக்கும் தெரியும். அப்புறம் ஏன் பெண்கள் முன்னால் கத்துகிறார்கள்? மானத்துக்குப் பயந்து தண்டல் வாங்கியாவது கட்டுவீர்கள் என்ற கணக்குதான். தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

கேள்வி (ஓமலூர்): நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. கார்டில் 60,000 ரூபாய் பாக்கி. ஸ்டேட்மெண்டில் போடும் குறைந்தபட்சத் தொகையை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் கட்டுகிறேன். மாதம் 3,000 போகிறது. பாக்கி என்னவோ அசையவே இல்லை. வட்டி மாதம் 3.5 சதவீதமாம். இது கந்துவட்டி இல்லையா? திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கலாமா?

பதில்: டீச்சர், கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 60,000-க்கு 3.5 சதவீதம் என்றால் வட்டி 2,100. கார்டு வட்டிக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் உண்டு, அது 378. ஆக 2,478. நீங்கள் கட்டிய 3,000-ல் அசலுக்குப் போனது 522 ரூபாய். அந்த மாதம் கார்டில் மளிகையோ, பிள்ளைக்கு யூனிபார்மோ வாங்கியிருந்தால் அந்த 522-ம் காணாமல் போயிருக்கும். இன்னொன்று பலருக்குத் தெரியாது. பழைய பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்குகிற பொருளுக்கு அந்த நாற்பது, ஐம்பது நாள் வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினால் கடன் வருடக்கணக்கில் இழுக்கும் என்று ஸ்டேட்மெண்டிலேயே எச்சரிக்கை போட வேண்டும் என்பது 2022 கிரெடிட் கார்டு விதி. போட்டிருப்பார்கள். எழுத்து எந்த அளவில் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

கந்துவட்டித் தடைச் சட்டம் தமிழ்நாட்டில் 2003-ல் வந்தது. வங்கிக் கார்டு வட்டியை அதில் கொண்டுபோக முடியாது. வங்கி வட்டி அதிகம் என்ற காரணத்தைக் காட்டி நீதிமன்றம் கணக்கைக் கிளற முடியாதபடி வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21ஏ என்று ஒரு பிரிவே இருக்கிறது. வருடத்துக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. வருடத்துக்கு 42 சதவீதம் என்பதை நான் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திங்கட்கிழமை மனுவால் அது குறையாது. அரை நாள் லீவு வீணாகும்.

வழி வேறு இருக்கிறது. அதே 60,000-ஐ வருட வட்டி 12 சதவீதத்தில் வேறு கடனாக மாற்றினால், 24 மாதத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 2,825 ரூபாய். இப்போது கட்டுவதைவிடக் குறைவு, இரண்டு வருடத்தில் கடனும் முடிந்துவிடும். உங்களுக்குக் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கத்தில் உறுப்பினர் கடன் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள், அடுத்து நகைக் கடன், அதற்கடுத்து தனிநபர் கடன். கார்டு வங்கியே பாக்கியைத் தவணையாக மாற்றித் தருகிறேன் என்று போன் செய்யும். செய்யலாம்தான், வட்டி எவ்வளவு, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் எவ்வளவு என்று மின்னஞ்சலில் வாங்கிய பிறகு சரி சொல்லுங்கள். பாக்கி தீரும்வரை கார்டு பீரோவில் இருக்கட்டும்.

கேள்வி (ஆத்தூர்): என் கணவர் சேகோ மில்லில் சூப்பர்வைசர். மாரடைப்பில் இறந்துவிட்டார். அவர் கார்டில் 1,40,000 பாக்கி இருப்பதே இப்போதுதான் தெரியும். வசூலுக்கு வந்தவர், "பொண்டாட்டிதானே, நீங்கதான் கட்டணும். இல்லேன்னா பையனோட சிபில்ல ஏறும், அவனுக்கு வேலை கிடைக்காது" என்று சொல்லி ஒரு பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். என்னிடம் இருப்பது தாலிக்கொடியும், என் அப்பா கொடுத்த ஓட்டு வீடும்தான்.

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

கணவரின் கார்டு கடனுக்கு மனைவி என்ற ஒரே காரணத்தால் நீங்கள் பொறுப்பு ஆக மாட்டீர்கள். அவர் விட்டுச் சென்ற சொத்து வாரிசுகள் கைக்கு எவ்வளவு வந்ததோ, அந்த அளவுக்கு மட்டும்தான் கடன் கொடுத்தவர் கேட்க முடியும். அவர் பெயரில் இருந்த வண்டி, வங்கிக் கணக்கில் இருந்த பணம் இவையெல்லாம் அந்தக் கணக்கில் வரும். உங்கள் தாலிக்கொடியும், உங்கள் அப்பா உங்கள் பெயருக்கு எழுதிக் கொடுத்த வீடும் வராது. அவருடைய பி.எஃப். பணம் நாமினியான உங்களுக்கு வரும்போது, அவர் பட்ட கடனுக்காக அதில் யாரும் கை வைக்க முடியாது, பி.எஃப். சட்டத்திலேயே அந்தப் பாதுகாப்பு இருக்கிறது. அதோடு சேர்ந்த காப்பீட்டுத் தொகைக்கு, இ.டி.எல்.ஐ. என்பார்கள், விண்ணப்பித்தீர்களா? மில்லில் கேளுங்கள். அதுவும் உங்களுக்குச் சேர வேண்டியது.

உங்கள் கையெழுத்து விழுந்துவிட்டால் அது உங்கள் சொந்தக் கடனாக மாறும். அந்த ஆள் பத்திரத்தோடு வருவது அதற்காகத்தான். சிபில் என்பது ஒவ்வொருவரும் வாங்கிய கடன், கட்டிய விவரத்தைப் பதிந்து வைக்கும் நிறுவனம். பையன் சிபிலில் ஏறும் என்பது சுத்தப் பொய். அவன் கார்டுக்குச் சொந்தக்காரனும் இல்லை, ஜாமீனும் இல்லை.

இறப்புச் சான்றிதழ் நகலோடு வங்கிக்கு ஒரு கடிதம் அனுப்பி, கணக்கில் மேற்கொண்டு வட்டி, அபராதம் ஏற்ற வேண்டாம் என்று கேளுங்கள். பழைய ஸ்டேட்மெண்டுகளில் மாதாமாதம் காப்பீடு என்று ஏதாவது பிடித்திருக்கிறார்களா என்று பையனைப் பார்க்கச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் அந்தக் காப்பீடே பாக்கியை அடைக்க வாய்ப்பு உண்டு. அதை வங்கி தானாகச் சொல்லாது. பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்யுங்கள், அல்லது நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவிடம் போய் உட்காருங்கள். தனியாகப் போகாமல் பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவனுக்கும் பயம் தெளியட்டும்.

கேள்வி (நாகலூர், ஏற்காடு): மேடம், சேலத்தில் ஒரு மாலில் ஸ்டால் போட்டிருந்தவர்கள் "லைஃப் டைம் ஃப்ரீ" என்று சொல்லி கார்டு போட்டுக் கொடுத்தார்கள். நான் அதை உறையிலிருந்து எடுக்கவே இல்லை, ஆக்டிவேட்டும் செய்யவில்லை. இப்போது வருடக் கட்டணம் 499, ஜி.எஸ்.டி. சேர்த்து 588.82 என்று பில், அதற்கு மேல் தாமதக் கட்டணம். கார்டை மூடச் சொல்லி கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால் ஒன்பதை அழுத்து, மூன்றை அழுத்து என்று போய், ஆள் வருவதற்குள் எங்கள் எஸ்டேட் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. ஆள் வந்தால் ரிவார்டு பாயிண்ட் தருகிறேன், மூடாதே என்கிறார்.

பதில்: தம்பி, சிக்னலுக்காக ஒண்டிக்கடை வரைக்கும் வர வேண்டாம். போனை விட்டுவிடுங்கள். கார்டை மூடுவதற்கென்று தனி மின்னஞ்சல் முகவரி, இணையதளத்தில் கண்ணில் படுகிற மாதிரி ஒரு இணைப்பு, ஆப் வசதி எல்லாம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. தபாலில் எழுதி அனுப்பினால்தான் மூடுவோம் என்று இழுத்தடிக்கவும் கூடாது.

உங்கள் கேஸில் நல்ல பிடி ஒன்று இருக்கிறது. கார்டு கொடுத்து 30 நாளுக்கு மேல் வாடிக்கையாளர் ஆக்டிவேட் செய்யவில்லை என்றால், வங்கி ஓடிபி மூலம் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதம் வராவிட்டால் ஏழு வேலை நாளில், ஒரு பைசா வாங்காமல் கணக்கை மூட வேண்டும். ஆக்டிவேட் ஆகாத கார்டைப் பற்றி சிபில் போன்ற நிறுவனங்களுக்குத் தகவல் அனுப்பவும் கூடாது. எனவே மின்னஞ்சலில் இரண்டே கேள்வி: "இந்தக் கார்டை நான் எந்தத் தேதியில் ஆக்டிவேட் செய்தேன்? என் ஓடிபி சம்மதத்தின் பதிவு எங்கே?" கட்டணத்தை ரத்து செய்து கணக்கை மூடச் சொல்லுங்கள்.

பாக்கி எதுவும் இல்லாத கார்டை, மூடச் சொல்லிக் கேட்ட பிறகும் ஏழு வேலை நாளில் மூடவில்லை என்றால் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். உங்கள் பெயரில் 588 ரூபாய் பில் நிற்பதால் "பாக்கி இருக்கிறதே" என்று இதை மறுக்கப் பார்ப்பார்கள். அதனால்தான் முதலில் கட்டணத்தை எதிர்க்கச் சொல்கிறேன். மால் ஸ்டாலில் நின்ற பையனைத் திட்டிப் பயனில்லை. அவனுக்கு ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று கமிஷன். "முதல் வருடம் மட்டும் இலவசம்" என்ற வரி அவன் நீட்டிய படிவத்தில் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். வாய்ச்சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட வைப்பதுதான் அங்கே தொழில்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): 2011-ல் வேலை போனபோது கார்டில் 32,000 பாக்கி விட்டேன். 2012-க்குப் பிறகு ஒரு ரூபாய் கட்டவில்லை, எதிலும் கையெழுத்துப் போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இப்போது ஒரு நிறுவனம் அந்தக் கடனை வங்கியிடமிருந்து வாங்கிவிட்டதாகச் சொல்லி 2,40,000 கேட்கிறது. "நல்லெண்ணத்துக்கு 1,000 போடுங்க, வாட்ஸாப்பில் வரும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க, 40,000-ல் முடிச்சுத் தர்றோம்" என்கிறார்கள். வீட்டுக் கடன் வாங்கும் யோசனையில் இருக்கிறேன்.

பதில்: 1963 காலவரையறைச் சட்டப்படி இந்த மாதிரிக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் அவகாசம். நீங்கள் சொல்கிறபடி இருந்தால் அது எப்போதோ முடிந்துவிட்டது. கடன் கை மாறியதால் காலம் திரும்ப முதலிலிருந்து ஓடாது. கடன் இல்லவே இல்லை என்று ஆகிவிடவில்லை, மரியாதையாகக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. கோர்ட்டில் வசூலிக்க முடியாது, அவ்வளவுதான். அந்த வாட்ஸாப் படிவத்தைக் கவனியுங்கள். காலாவதியான கடனைத் தருகிறேன் என்று எழுத்தில் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 25(3) பிரிவுப்படி அது புது ஒப்பந்தம் ஆகிவிடும். அவர்களுக்கு உங்கள் 1,000 ரூபாயைவிட அந்தக் கையெழுத்துதான் முக்கியம்.

முதலில் உங்கள் கடன் அறிக்கையை எடுங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நாலு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். அதில் இந்தப் பாக்கி இல்லை என்றால் நீங்கள் போனை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தால், வீட்டுக் கடன் கொடுப்பவர் கட்டாயம் கேட்பார். அப்போது பேரம் பேசி முடிப்பது புத்திசாலித்தனம் ஆகலாம். ஆனால் இவ்வளவு கொடுத்தால் முழுவதும் தீர்ந்தது என்ற கடிதம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் முதலில் வர வேண்டும். வங்கி அந்தக் கடனை அவர்களுக்கு விற்றதற்கான கடிதத்தின் நகலும் வேண்டும். பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போக வேண்டும், போன் பேசுகிறவரின் ஜிபே எண்ணுக்கு அல்ல. தள்ளுபடியில் முடித்தால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று வரும். புதிதாகக் கடன் கொடுப்பவருக்கு 'குளோஸ்டு', அதாவது முழுசாக அடைத்தது என்பதுதான் பிடிக்கும். இதையும் பேரத்திலேயே பேசிவிடுங்கள். முடித்த பிறகு அறிக்கையைத் திருத்தச் சொல்லிப் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு இல்லை என்றால், அதற்கு மேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு.

கேள்வி (எடப்பாடி): லோக் அதாலத் நோட்டீஸ் என்று வாட்ஸாப்பில் வந்திருக்கிறது. வராவிட்டால் கைது என்று போட்டிருக்கிறது. தராசுப் படம், முத்திரை எல்லாம் இருக்கிறது. கைது செய்வார்களா?

பதில்: மாட்டார்கள். கார்டு பாக்கி சிவில் விவகாரம். லோக் அதாலத் என்பது இரு தரப்பும் சம்மதித்தால் சமரசம் செய்து வைக்கும் இடம். அங்கே யாரையும் கைது செய்கிற பேச்சே கிடையாது. வந்த நோட்டீஸ் உண்மையா என்று சந்தேகம் இருந்தால், அஸ்தம்பட்டியில் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் காட்டிக் கேளுங்கள். உண்மையாக இருந்தால் போய்வாருங்கள், வட்டியைக் குறைத்துக் கேட்க நல்ல இடம். அதே சமயம் நீதிமன்ற சம்மன் தபாலிலோ அமீனா கையிலோ வந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். போகாவிட்டால் உங்கள் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு ஆகிவிடும்.

கேள்வி (ஐந்து ரோடு): நான் ஒரு கலெக்‌ஷன் ஏஜென்சியில் டெலிகாலர். டிகிரி முடித்துவிட்டு வேறு வேலை கிடைக்காமல் வந்தவன். நாள் முழுக்க அம்மாவை இழுத்துத் திட்டு வாங்குகிறேன். டீம் லீடர், "கட்டலைன்னா சொந்தக்காரங்களுக்குப் போடு" என்கிறார். ஆபீஸ் லைனில் வேண்டாம், உன் சொந்த சிம்மில் போடு என்கிறார். போடாவிட்டால் டார்கெட் வராது, இன்சென்டிவ் போய்விடும். பத்திரிகைகளில் எப்போதும் எங்களைத்தான் வில்லன் ஆக்குகிறீர்கள். கடன் வாங்கிவிட்டு ஏமாற்றுகிறவர்கள் இல்லையா?

பதில்: இருக்கிறார்கள். வசூல் பிரிவில் நானும் பார்த்திருக்கிறேன். போனை அணைத்துவிட்டு ஏற்காட்டில் காட்டேஜ் எடுத்துத் தங்கியவர், கார்டில் நகை வாங்கி அடகு வைத்தவர் என்று ஒரு பட்டியலே சொல்லலாம். உங்களைத் திட்டுகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன்: போனில் பேசுகிற பையன் வட்டி போடவில்லை, அவனுடைய அம்மாவை விட்டுவிடுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சொந்த சிம்மில் ஏன் போடச் சொல்கிறார் என்று யோசித்தீர்களா? வசூல் அழைப்புகளின் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 2008-லிருந்தே வங்கிகளுக்கு உள்ள பொறுப்பு. ஆபீஸ் லைனில் பேசினால் பதிவாகும். உங்கள் சிம்மில் பேசினால் ஆபீஸில் தடயம் இருக்காது. கடன் வாங்கியவர் போனில் இருக்கும், அதில் உங்கள் எண்ணும் உங்கள் குரலும்தான் இருக்கும். மேலே செவ்வாய்ப்பேட்டைக்காரருக்கு மனு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? அந்த மனுவில் ஏறப்போவது உங்கள் மாதிரி ஒரு பையனின் எண். டீம் லீடர் பெயர் அதில் எங்கேயும் வராது.

அதனால் சொந்த சிம் முடியாது என்று சொல்லுங்கள். சொந்தக்காரர்களுக்குப் போடச் சொன்னால், "வாட்ஸாப்பில் ஒரு வரி போட்டுடுங்க சார்" என்று கேளுங்கள். போட மாட்டார். அடையாள அட்டையும் அங்கீகாரக் கடிதமும் கையில் இல்லாமல் ஃபீல்டு விசிட் என்று எவர் வீட்டுக்கும் போகாதீர்கள். ஏஜென்ட்டை அத்துமீறத் தூண்டுகிற மாதிரி ஒப்பந்தம் இருக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. உங்கள் டார்கெட் அப்படித்தான் இருக்கிறது என்றால், அதை வேலை கொடுத்த வங்கிக்கே மின்னஞ்சலில் எழுதலாம். வசூல் வேலைக்கு, வங்கித் துறைக்குத் தேர்வு நடத்தும் ஐ.ஐ.பி.எஃப். நிறுவனத்தின் டி.ஆர்.ஏ. (கடன் வசூல் ஏஜென்ட்) பயிற்சியும் தேர்வும் உண்டு. அதை எழுதினீர்களா என்று நீங்கள் சொல்லவில்லை. எழுதாமலே உட்கார வைத்திருந்தால் முதலில் அதை முடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சான்றிதழோடு, நேரடியாக வங்கியின் சொந்த வசூல் பிரிவுக்கே விண்ணப்பிக்கலாம்.

அடுத்த இதழில் நகைக் கடன் ஏல அறிவிப்புகள். கேள்வியோடு நோட்டீஸ் நகலையும் வையுங்கள். இந்த முறை சிலர் முழு கார்டு எண்ணையும், பின்னால் இருக்கும் மூன்று இலக்க சி.வி.வி.யையும் சேர்த்து எழுதி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அவர்கள் இன்றைக்கே அந்தக் கார்டை பிளாக் செய்துவிட்டு வேறு எண் வாங்கிக்கொள்ளவும்.